மைத்ரியில் பண்டிகை: குளிர்காலக் குழுவில் போகிறவர்களுக்கு

அண்டார்டிகா பயணத்துக்குத் தேர்வான தம்பி தங்கைகள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் கேட்பார்கள். குளிருக்கு வழி இருக்கிறது. உடுப்பு கொடுக்கிறார்கள். ஆவுலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் பனியில் நடக்கவும் கயிறு கட்டி ஏறவும் பழக்குகிறார்கள். டெல்லி எய்ம்ஸில் தலை முதல் கால் வரை சோதித்து அனுப்புகிறார்கள். ஆனால் தீபாவளி அன்று கண் விழித்ததும் நெஞ்சை அடைக்குமே, அதற்கு என்ன செய்வதென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. வானிலைப் பிரிவில் வேலை பார்த்து, மைத்ரியில் குளிர்காலம் கழித்தவன் என்ற முறையில் அதை மட்டும் சொல்கிறேன்.

கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நமது நிலையங்களை நடத்துகிறது. ஷிர்மாக்கர் பாறைவெளியில் 1989 முதல் மைத்ரி. லார்ஸ்மன் குன்றுகளில் 2012 முதல் பாரதி. எனக்குத் தெரிந்தது மைத்ரி. பாரதிக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். பிப்ரவரி, மார்ச்சில் கோடைக் குழுவை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிடும். அடுத்த விமானம் வருவதற்குள் அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் யாரும் வர முடியாது, யாரும் போக முடியாது. இருபத்தைந்து பேர் போல இருப்பீர்கள். ஒரு குழு ஒன்றாகச் சேர்வதையும், இரண்டாகப் பிரிவதையும் பண்டிகைச் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். அதனால் இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

1. போய்ச் சேர்ந்ததும் எல்லோருடைய நாட்களையும் கேட்டு எழுதுங்கள். குழுவில் விஞ்ஞானிகள், டாக்டர், சமையல்காரர், வண்டி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், தகவல்தொடர்பு ஆட்கள் என்று பல தரப்பினர் இருப்பார்கள். கேரளம், வங்கம், பஞ்சாப், அசாம், உத்தராகண்ட் என்று பல ஊர்க்காரர்கள். ஓணம், துர்கா பூஜை, ஈத், குருநானக் ஜயந்தி, பிஹு, கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மெஸ் சுவரில் ஒட்டுங்கள். பிறந்தநாள், கல்யாண நாளோடு பிள்ளைகளின் பிறந்தநாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் பிறந்தநாளன்று அவள் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று அங்கே போனால்தான் தெரியும்.

பத்துப் பேர் கொண்டாடும் பண்டிகை எப்படியும் நடந்துவிடும். குழுவில் ஒரே ஒருவர் மட்டும் கொண்டாடும் பண்டிகைதான் விடுபட்டுப்போகும். அதை முதலில் எழுதுங்கள். அதற்குப் பொறுப்பாளராக வேறு ஊர்க்காரர் ஒருவரைப் போடுங்கள். அசாம்காரரின் பிஹுவை மதுரைக்காரர் எடுத்து நடத்தட்டும். பிட்டா பலகாரம் எப்படிச் செய்வதென்று அவர் போய்க் கேட்கும்போதே பாதிப் பண்டிகை நடந்து முடிந்துவிடும்.

2. பெட்டி கட்டும்போதே அடுத்த தீபாவளியை யோசியுங்கள். சரக்கு வருவது வருஷத்துக்கு ஒரு முறை. பச்சைக் காய்கறி கப்பல் போன சில வாரங்களில் தீர்ந்துவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் உறைய வைத்த காயும், டின்னும், பருப்பும்தான். அரிசி, மாவு, எண்ணெய், முந்திரி போன்றவை ஸ்டோரில் இருக்கும். ஸ்டோர் பட்டியல் எல்லோருக்கும் பொதுவாகப் போடப்படுவது. உங்கள் வீட்டு ருசிக்கு வேண்டியது அதில் இருக்காது. நல்ல மண்டை வெல்லம், கட்டிப் பெருங்காயம், காய்ந்த வேப்பம்பூ, சுக்கு, வறுத்து அரைத்த தீபாவளி மருந்துப் பொடி, அம்மா கைப்படக் கலந்த சாம்பார்ப் பொடி, இவற்றை உங்கள் சொந்தப் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் மாதத்தை எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் எல்லாம் மே மாதத்துக்குள் தீர்ந்துபோகும்.

ஒரு பொருளை மட்டும் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வையுங்கள். 1902 கிறிஸ்துமஸ் அன்று துருவப் பயணிகளான ஸ்காட், வில்சன், ஷாக்கிள்டன் மூவரும் தென்துருவத்தை நோக்கி ஸ்லெட்ஜ் இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பசி, ஸ்கர்வி, கண் வலி எல்லாம் இருந்தது. அன்றைக்கு ஷாக்கிள்டன் தன் மாற்றுக் காலுறைக்குள்ளிருந்து சின்ன பிளம் புட்டிங் ஒன்றை எடுத்து வைத்தார். ஸ்லெட்ஜில் ஒவ்வொரு அவுன்ஸ் எடையையும் கணக்குப் பார்த்த பயணம் அது. தோழர்களுக்காக அதை அத்தனை தூரம் சுமந்து வந்திருந்தார். அந்த மனிதர் பின்னாளில் தன் ஆட்களை எப்படி நடத்தினார் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் புட்டிங்கிலேயே அது தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

3. எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் பண்டிகைச் சமாசாரம்தான். அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்படிக்கை இருக்கிறது. நம் நாட்டிலும் 2022இல் இந்திய அண்டார்டிகா சட்டம் வந்துவிட்டது. நுண்ணுயிர் நீக்காத மண் அங்கே போகக் கூடாது. பொதி கட்டப் பயன்படும் தெர்மாகோல் மணிகளும் துண்டுகளும் கூடாது. வெளியூர்ச் செடி, விதை எதையும் அந்த நிலத்தில் விடக் கூடாது. நம் பண்டிகைச் சாமான்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். களிமண் பிள்ளையார், தெர்மாகோல் மண்டபம், மண் ஒட்டிய மஞ்சள் கொத்து, வேரோடு கரும்பு, மண் தொட்டியில் துளசி, ஒன்றும் வேண்டாம்.

சதுர்த்திக்கு மஞ்சளில் பிடித்த பிள்ளையார் போதும். கும்பிட்டு முடித்ததும் ஏரியில் கரைக்கிற எண்ணம் யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். பிரியதர்ஷினி ஏரிதான் மைத்ரிக்குக் குடிநீர். பிள்ளையாரை டப்பாவில் வைத்து மூடி ஊருக்குக் கொண்டுவாருங்கள். ஆறோ கிணறோ இங்கே இருக்கிறது.

ஹோலிப் பொடி, கோலப்பொடி இரண்டும் கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெள்ளைப் பனியில் வண்ணம் போட்டுப் படம் எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். அந்தக் குளிரிலும் வறட்சியிலும் எதுவும் லேசில் மக்காது. காற்று அடித்தால் எங்கே போய்ப் படியும் என்று சொல்லவே முடியாது. கோடையில் ஸ்குவா பறவைகள் சமையலறைப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும். படையல் வைக்கிறேன் என்று அவற்றுக்குச் சோறு போடாதீர்கள். காக்காய்க்கு வைக்கிற கை நமக்கு. அங்கே அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும்.

4. நெருப்பு. இதில் விவாதத்துக்கே இடமில்லை. அண்டார்டிகாவில் எல்லா நாட்டு நிலையங்களும் குளிரைவிட அதிகமாகப் பயப்படுவது தீ விபத்துக்குத்தான். காற்று அவ்வளவு வறண்டது. தண்ணீர் பனியாகக் கிடக்கிறது. வெளியே புயலடிக்கும்போது வீடு எரிந்தால் ஒதுங்க இடமில்லை. பட்டாசு, மத்தாப்பு, தங்கும் அறையில் எண்ணெய் விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. நிலையத் தலைவர் அனுமதித்த இடத்தில், அணைப்பான் பக்கத்தில் இருக்க, ஓர் ஆள் காவல் நிற்க, ஒரே ஒரு விளக்கு. மற்றதெல்லாம் பேட்டரி விளக்கும் சீரியல் பல்பும். இதில் குறை ஒன்றும் இல்லை. வயரை எடுத்துக் கட்டி, ஃபியூஸ் போய், எலக்ட்ரீஷியன் வந்து திட்டி, மறுபடி கட்டி, அந்த மாலை நன்றாகவே போகும்.

5. சூரியனைப் பார்த்துக் கணக்கு வைத்த நம் பண்டிகைகள் அங்கே தலைகீழாகும். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மைத்ரி இருப்பது தெற்கே எழுபதே முக்கால் டிகிரியில். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. வலமிருந்து இடமாக, வானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே கார்த்திகை தீபத்துக்கு இருட்டு கிடையாது. கிறிஸ்துமஸ் நள்ளிரவில் ஜன்னலுக்குத் திரை போட்டால்தான் நட்சத்திர விளக்கு தெரியும். தீபாவளி அமாவாசைக்கும் முழு இருட்டு கிடைக்காது; ராத்திரி முழுக்க அந்திவெளிச்சம் தங்கி நிற்கும். பொங்கல் அன்று உதயம் என்று ஒன்றே இல்லாததால், எந்த நேரத்தில் பானை வைப்பது என்று குழப்பம் வரும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வையுங்கள். அதிகம் பேர் இருப்பார்கள். ஜனவரி சரக்கு இறக்குகிற காலம் வேறு. பனித்தட்டின் விளிம்பிலிருந்து நிலையம் வரை சுமார் 100 கிலோமீட்டர், கான்வாய் ஓடிக்கொண்டிருக்கும். வானிலை நன்றாக இருந்தால் அன்றைக்குச் சரக்குதான் முக்கியம். பொங்கலை மறுநாளைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. சூரியன் அங்கேயேதான் இருக்கும். பால் பவுடரில் கரைத்த பால் சொல்லாமல் கொள்ளாமல் பொங்கி வழியும். அகலமான தட்டில் பானையை வைத்துப் பொங்க விடுங்கள். அடுப்பு தப்பிக்கும், பொங்கலோ பொங்கலும் ஆச்சு.

மே 20ஐ ஒட்டி சூரியன் கீழே போய்விடும். ஜூலை 23ஐ ஒட்டித்தான் மறுபடி தலைகாட்டும். நம் கணக்குக்கு அது ஆடி முதல் வாரம். அன்றைக்கு வானம் மூடியிருக்கலாம், புயலாகவும் இருக்கலாம்; அப்படியானால் அடுத்த தெளிந்த நாள் வரை காத்திருங்கள். வடக்கே பாறை விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று எழும்பி, சில நிமிஷம் நின்று, இறங்கிவிடும். எல்லோரும் வெளியே போய் நிற்பார்கள். யாருக்கும் பேச்சு வராது. சில பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். முகத்தில் சூடு தெரியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவனுக்கு நிழல் விழும். இரண்டு மாதமாகப் பார்க்காத நிழல். அந்த நாளுக்கென்று கொஞ்சம் பச்சரிசியும் வெல்லமும் ஏலக்காயும் எடுத்து வைத்திருங்கள். தை மாதத்தில் வைப்பதைவிட அன்றைக்கு வைக்கிற பொங்கலுக்குத்தான் அர்த்தம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பஞ்சாங்கம் பார்க்கிற பெரியவர்கள் மன்னிப்பார்கள்.

6. வேலைக்கு விடுமுறை கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வானிலை பார்த்துப் பதிந்து அனுப்ப வேண்டும். தீபாவளியா, ஈதா என்று காற்றழுத்தம் பார்ப்பதில்லை. ஜெனரேட்டர் அறையில் ராத்திரி முழுக்க ஒருவர் இருக்க வேண்டும். ஓசோன் ஓட்டை பெரிதாகும் காலம் செப்டம்பர், அக்டோபர். அதனால் ஓசோன் கருவி கட்டிய பலூன் விடும் வேலைக்கு அப்போதுதான் மதிப்பு அதிகம். நவராத்திரியும் தீபாவளியும் அங்கேதான் வந்து விழும்.

ஆகவே பண்டிகைக்கு முன்பே டியூட்டியை மாற்றிப் பேசிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஜோசப் பார்க்கட்டும், கிறிஸ்துமஸுக்கு முருகன் பார்க்கட்டும். டியூட்டியில் இருப்பவருக்கு இலையில் முதல் பரிமாறல் போக வேண்டும். மிச்சத்தை எடுத்து வைத்து அனுப்பக் கூடாது. ஜெனரேட்டர் அறைக்கு யாராவது ஒருவர் தட்டை எடுத்துப் போய், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை கூட உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

7. சமையல்காரருக்கும் அன்று பண்டிகை. எல்லோரும் மறக்கிற விஷயம் இது. வழக்கமான நாளில் அவர் வேலை ஒரு பங்கு என்றால் பண்டிகையன்று மூன்று பங்கு. பண்டிகைகளில் பாதியையாவது மற்றவர்கள் சமைக்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். மெஸ் டியூட்டி முறைபோட்டு எல்லோருக்கும் வரும். தலைவரும் டாக்டரும் பாத்திரம் தேய்ப்பார்கள். அந்த வழக்கத்தைப் பண்டிகை நாளில் தளர்த்தாதீர்கள்.

குழுவில் பெண் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் கோலத்தையும் இனிப்பையும் அவர் தலையில் கட்டாதீர்கள். இஸ்ரோவின் மங்களா மணி 2016, 2017இல் பாரதியில் 400 நாட்களுக்கு மேல் இருந்தார். இருபத்து மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவில் அவர் ஒருவரே பெண். செயற்கைக்கோள் தரவிறக்கும் வேலைக்குப் போனவர் அவர். அப்படி வருகிற சகோதரிகளுக்குக் கோலம் போடப் பிடித்தால் போடட்டும். மாவு சலிக்க ஆண்களுக்கும் கை இருக்கிறது.

சமையலில் ஒன்றிரண்டு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன். இட்லி மாவு அங்கே லேசில் புளிக்காது. அறைச் சூடு போதாது. மூடியை இறுக்கிக் கட்டி, துணி சுற்றி, வெந்நீர்க் குழாய் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரையும் வையுங்கள். காற்று வறட்சி முறுக்குக்கு நல்லது. திறந்து வைத்தாலும் வாரக்கணக்கில் நமுக்காது. அதிரசம் அப்படியல்ல, மறுநாளே விறைத்துவிடும், சுட்டதும் டப்பாவில் அடையுங்கள். எண்ணெய்க் குளியல் ஆசை உள்ளவர்கள் தலைக்கு மட்டும் வைத்து, ஒரு வாளிக்குள் முடியுங்கள். ஏரி உறைந்த பிறகு பனிக்கு அடியிலிருந்து தண்ணீர் இழுத்து, குழாய் உறையாமல் சூடேற்றிக் கொண்டுவருகிறார்கள். ஒரே காலையில் இருபத்தைந்து பேர் தலைமுழுக வேண்டுமென்றால் முதல் நாளே தண்ணீரைக் கவனிப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

8. வீட்டோடு பேசுவதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக் குழுக்களுக்கு ரேடியோவும் கப்பலில் வரும் கடிதமும்தான் இருந்தன. இப்போது செயற்கைக்கோள் இணைப்பு இருக்கிறது; முகம் பார்த்துப் பேச முடிகிறது. வசதிதான். ஆனால் பண்டிகை நாளில் மணிக்கணக்காக போனைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போகிறார். வீட்டில் கூட்டமாக இருப்பார்கள். போன் கை மாறிக்கொண்டே இருக்கும். எல்லோரும் “சாப்டியா? குளிருதா?” என்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள். வைத்த பிறகு அறையில் தனியாக இருக்கும்போதுதான் பாரம் ஏறும்.

வானிலைப் பதிவெல்லாம் உலகப் பொது நேரப்படி ஓடும். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஊரில் தீபாவளி விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எண்ணெய் வைக்கும்போது அந்தக் கணக்குக்கு முதல் நாள் ராத்திரி பத்தரைதான் ஆகியிருக்கும். அப்போது பேசிவிடுங்கள். பட்டாசுச் சத்தமும் காதில் விழும். மறுநாள் முழுவதும் நிலையத்துக்காக இருங்கள்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவுக்கோ பாட்டிக்கோ ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு உடனே சொல்வீர்களா, திரும்பி வந்த பிறகு சொல்வீர்களா? யார் சொல்வது? எந்த முடிவாக இருந்தாலும் அதை நீங்களே எடுத்து, எல்லோருக்கும் தெரிவித்துவிட்டுப் போங்கள். நடுக் குளிர்காலத்தில் உங்களை யாராலும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. பண்டிகையை ஒட்டி இப்படிச் செய்தி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அன்றைக்குச் சமைத்ததை அப்படியே வைத்துவிட்டு, குழு முழுக்க அப்படிப்பட்ட ஒருவரின் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தது. துக்கத்தில் இருப்பவர் பேச விரும்பினால் கேளுங்கள். வேலைக்குப் போக விரும்பினால் விடுங்கள். ராத்திரியில் மட்டும் தனியே விடாதீர்கள். டாக்டருக்குத் தெரியட்டும்.

9. ஜூன் 21ஐ நம் பண்டிகையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மதமும் இல்லாத, எல்லா நாட்டு நிலையங்களும் கொண்டாடும் நாள் அது, நடுக்குளிர்காலம். அதற்கப்புறம் சூரியன் திரும்பத் தொடங்கும். ஒவ்வொரு நிலையமும் குழுப் படத்தோடு வாழ்த்து அட்டை செய்து மற்ற நிலையங்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பும். வாழ்த்துகள் வந்து குவியும். அவற்றை அச்செடுத்து மெஸ்ஸில் ஒட்டுங்கள். அந்தக் கண்டத்தில் நம்மைப் போலவே அடைந்து கிடப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே தெம்பு.

1911 ஜூனில் கேப் எவான்ஸ் குடிசையில் ஸ்காட்டின் ஆட்கள் இந்த நாளைக் கொண்டாடினார்கள். கொடிகளைத் தொங்கவிட்டு விருந்து வைத்தார்கள். பௌவர்ஸ் என்பவர் கழி, கயிறு, இறகு இவற்றை வைத்து ஒரு கிறிஸ்துமஸ் மரம் செய்து கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பரிசு அதில் இருந்தது. அந்த வழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, யாருக்கு யார் என்று எடுத்து, கையால் செய்த பரிசுதான் கொடுக்க வேண்டும். வெல்டர் பழைய போல்ட்டில் சாவிக்கொத்து செய்வார். டாக்டர் குல்லா பின்னுவார். ஒரு மாதம் முன்பே சீட்டு எடுத்துவிடுங்கள். அந்த மாதம் முழுக்க ஒருவர் அறையில் மற்றவர் நுழைய முடியாமல் ரகசியம் காப்பதே பெரிய கொண்டாட்டம்.

நண்பகலில் வடக்கே கொஞ்ச நேரம் செம்மை படரும். கண் தெரிகிற அளவு வெளிச்சம் இருக்கும். காற்று இல்லாவிட்டால் அப்போது எல்லோரும் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து சாப்பிட உட்காருங்கள். சில கிலோமீட்டர் தள்ளி ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. புத்தாண்டு, மே 9 அவர்களுக்குப் பெரிய நாட்கள். அழைத்தால் போங்கள், நம் நாளுக்கு அழையுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், சமோசாவும் இஞ்சி டீத்தூளும் எடுத்துப் போங்கள். வானிலை பார்த்து, தலைவரிடம் சொல்லி, வாக்கி-டாக்கியோடுதான்.

10. ஆகஸ்ட், செப்டம்பரில் விழிப்பாக இருங்கள். இருட்டு மாதங்கள்தான் மோசம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்த வரையில் சூரியன் திரும்பிய பிறகுதான் முகங்கள் வாடும். பாதிக்கு மேல் போயாகிவிட்டது, ஆனால் முடிவு இன்னும் தெரியவில்லை. 1991இல் பெக்டல், பெர்னிங் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படித் தனித்து இருப்பவர்களுக்குத் தங்கும் காலத்தின் மூன்றாவது கால் பகுதியில் மனச் சோர்வு கூடுகிறது என்று எழுதினார்கள். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னாலும், எச்சரிக்கையாக இருப்பதில் நஷ்டமில்லை. தூக்கம் கெடும். ஒருவர் சூப் உறிஞ்சும் சத்தம் இன்னொருவருக்கு ஆத்திரமூட்டும். ஸ்டோரிலும் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். சுதந்திர தினம், ஓணம், சதுர்த்தி எல்லாம் அப்போது வருவது நம் அதிர்ஷ்டம். நல்ல முந்திரியையும் நெய்யையும் இந்த மாதங்களுக்கு மிச்சம் பிடியுங்கள்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றம் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பருவத்தில் வெளியே விரலை நீட்ட முடியாது. முடிச்சை உள்ளேயே போட்டுவிட்டு வாருங்கள். கொடிக்குள் பூவுக்குப் பதில் காகிதத் துண்டு வைக்காதீர்கள். பிரிந்ததும் பறந்து குப்பையாகும். பேச்சு இரண்டு நிமிஷம். தேசிய கீதத்துக்குத் தொப்பி மூடிய வாயோடு பாடினாலும் குரல் கேட்கும். காற்று எழும்பினால் கொடியை இறக்கிவிடுங்கள், கிழிய விடாதீர்கள். பிறகு உள்ளே வந்து ஜிலேபி.

11. நோன்பு இருப்பவருக்குத் துணை நில்லுங்கள். சூரியனே வராத மாதத்திலோ, இறங்காத மாதத்திலோ ரம்ஜான் வந்தால் எப்போது நோன்பு திறப்பது? மக்காவின் நேரத்தையோ, பகலும் இரவும் ஒழுங்காக வருகிற பக்கத்து ஊரின் நேரத்தையோ வைத்துக்கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். கிளம்பும் முன் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். மற்றவர்கள் செய்ய வேண்டியது, அந்த நேரத்தை மெஸ் பலகையில் எழுதி வைப்பது, சஹர் சாப்பாட்டுக்கு முறைபோட்டு ஒருவர் எழுந்து அடுப்பு பற்றவைப்பது. அந்த ஒரு மாதத்தில் நட்பு எப்படி இறுகும் என்று பாருங்கள்.

12. மது அளவோடு இருக்கட்டும். பண்டிகை ராத்திரியில் குடித்துவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. கதவருகே ஒருவர் பொறுப்பாக இருங்கள்.

13. கொண்டாட்டத்துக்கு வராமல் அறையில் படுத்திருப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். இழுத்து வராதீர்கள். கேலி பேசாதீர்கள். தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, கதவைத் தட்டி, கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து, கேரம் போர்டுக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிடுங்கள். அடுத்த பண்டிகைக்கு அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். பாட்டுப் பட்டியல் போடுவதோ, படம் எடுப்பதோ. கையில் பொறுப்பு இருப்பவர் வந்துதான் ஆக வேண்டும். தொடர்ந்து இரண்டு பண்டிகைக்கு வரவில்லை, வேலையிலும் தொய்கிறார் என்றால் டாக்டரிடமும் தலைவரிடமும் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

14. புதுக் குழு வந்து இறங்கும்போது உங்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். அவர்களைப் பார்க்கவே மனம் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் கிறிஸ்துமஸ் வரும். அந்த விருந்தைப் பழைய குழு சமைத்துப் புதுக் குழுவுக்குப் போட வேண்டும். வீட்டை விட்டு வந்து அவர்களுக்கு முதல் பண்டிகை அது. யார் எங்கே உட்காருவது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஒரு பழையவர் பக்கத்தில் ஒரு புதியவராக உட்கார வையுங்கள். வெந்நீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, எந்த ஜன்னலில் திரை கிழிந்திருக்கிறது, சீரியல் பல்பு பெட்டி எந்த அலமாரியின் மேல் இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சாப்பாட்டின்போதே கைமாறட்டும். மிச்சம் இருக்கும் வெல்லம், ஏலக்காய், குலாப் ஜாமூன் மாவு எவ்வளவு, எது எந்த மாதத்தோடு கெடும், இந்த வருஷம் எந்தச் சாமான் எந்த மாதத்தில் தீர்ந்தது என்று எழுதி ஸ்டோர் பொறுப்பாளர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.